இரண்டாம் ஓலைக்கு முன்னால் அணுவைப் பிளந்த கதை

பன்னிரண்டாம் வகுப்புக்கு அணுக்கருப் பிளவை வருடா வருடம் நடத்துகிறவள் நான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. யுரேனியத்தின் அணுக்கருவில் நியூட்ரான் போய் விழும், கரு இரண்டாக உடையும், ஆற்றல் வெளிப்படும், ஐந்து மதிப்பெண். கடைசி பெஞ்சில் தூங்குகிற பயல்கள்கூட அந்த ஐந்தை விடமாட்டார்கள். அதே பாடத்தை ஒருமுறை எங்கள் வீட்டு ஹாலில் நடத்தவேண்டி வந்தது. அன்றைக்குத் தேர்வு எனக்கு. தேறினால் கல்யாணம், தவறினால் கல்யாணம் கிடையாது.

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிகிற நேரத்தில் மைக்கில் வரும். தடை என்றால் ஏற்கெனவே கல்யாணமானவர், நெருங்கிய இரத்த உறவு, அந்த மாதிரி. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டால் எங்கள் பங்கு மக்களுக்கு அது ஒரு போட்டி அறிவிப்பு. ஏதாவது ஒரு தடையைக் கண்டுபிடித்துக் கொடுக்காமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. எனக்கு நிச்சயமானவர் தெற்கே கடற்கரையோரம் உள்ள அணுமின் நிலையத்தில் வேலை செய்கிறவர். ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் அணுக்கருப் பிளவைப் பற்றிப் பேச வந்திருந்தார். கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது ஒரு நியூட்ரானை விட்டுவிட்டார். நான் எழுந்து, "சார், கணக்கு இடிக்குது. ஒரு நியூட்ரான் எங்க?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், எண்ணினார், சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும் மேடம், இங்கதான் இருந்துச்சு" என்று எழுதிச் சேர்த்தார். மூக்கு நுனியில் கோபம் வைத்துக்கொண்டு அலைகிற எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதற்கப்புறம் நடந்தது.

முதல் ஓலை நன்றாகவே போயிற்று. பூசை முடிந்து வெளியே மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் எந்த மாவு அரைப்பது என்பதிலிருந்து எந்த வரனைப் பார்ப்பது என்பது வரை அத்தை வைத்ததுதான் சட்டம். மாமாவும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டதால், கோவில்பதாகையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். கோயில் பாடகர் குழுவில் மைக் வைக்கத் தேவையில்லாத ஒரே குரல் அவருடையது.

"ஏம்மே, மாப்ள கவர்மெண்டு வேலன்னியே, எந்த ஆபீசு?"

"அணுமின் நிலையம் அத்தை. அணு உலை இருக்குல்ல, அதுல."

கரண்ட் ஆபீஸ் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாடம் நடத்தி நடத்தி எனக்கு வாய் அடங்குவதில்லை.

"அணுவா? குண்டு போட்டாங்களே, அந்த அணுவா?"

"குண்டு இல்ல அத்தை, கரண்ட்."

"அணுன்னா அணுதானம்மே" என்று சொல்லிவிட்டு, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

இந்த இடத்தில் நியூட்ரானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேகமாக வரும் நியூட்ரான் பெரும்பாலும் யுரேனியத்தைப் பிளக்காமலே போய்விடும். மெதுவாக வருவதைத்தான் கரு பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பதற்கென்றே கனநீர் ஊற்றி வைத்திருப்பார்கள். இதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். வேகமாக மோதினால்தானே மிஸ் உடையும் என்பார்கள். எங்கள் அத்தையைப் பார்த்திருந்தால் நம்பியிருப்பார்கள். போனில் வேகமாக வந்து விழுகிற ஃபார்வர்டுகளை எங்கள் தெருவில் எவரும் படிப்பதில்லை. அத்தையோ ஒவ்வொரு வீட்டிலும் செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, முதலில் முட்டி வலியைச் சொல்லி, காபி வந்ததும் ஆற்றி, பாதி குடித்த பிறகுதான் சேதியை எடுப்பார். அப்படிப் போய்ச் சேர்ந்த சேதி எந்த வீட்டிலும் பிசகாமல் வேலை செய்யும். அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் கிளம்புவார்கள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளைக்குத் தலைமுடி கொட்டிவிடும் என்றிருந்தது. மறுநாள் பிள்ளை பிறக்காது என்று ஆகி, சாயங்காலத்துக்குள் பிறக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது என்று வளர்ந்தது. புதன்கிழமை கீரைக்காரம்மா என்னை நிறுத்தி, மாப்பிள்ளை இருட்டில் பச்சையாக மின்னுவாராமே என்று கேட்டாள். "கரண்ட் கட்டானா நல்லதாப் போச்சு போ" என்று ஆறுதலும் சொன்னாள்.

இதில் எனக்கு வயிறெரிந்தது எதற்கென்றால், நாங்கள் யார்? அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டாங்கிக்கு வெல்டிங் வைத்து ஓய்வு பெற்றவர். நான் வளர்ந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். டாங்கியை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதைக் கேட்டுத்தான் அம்மா உலையில் அரிசி போடுவார். ஊரைத் தரைமட்டமாக்குகிற வண்டி செய்கிற இடத்தில் ஒரு பயமும் இல்லாமல் குழந்தை குட்டி பெற்று வாழ்ந்த சனம், தண்ணீர் கொதிக்க வைத்து விளக்கெரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவரைப் பார்த்து நடுங்கியது.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவது ஓலைய நிறுத்தி வெக்கச் சொல்லி ஃபாதர் கிட்ட பேசிட்டு வரட்டாம்மா?" என்றார்.

நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. அடங்கிய பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இன்னா தெரியும்மா? நாளைக்கி அன்பியம் நம்ம ஊட்லதான். அக்கா வரும். அக்காவுக்குப் புரியிற மாதிரி சொல்லு. அக்கா சரின்னா எனக்குஞ் சரி. இல்லன்னா நான் ஃபாதரப் பாக்கத்தான் வேணும்."

அன்பியம் என்பது தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி செபிக்கும் குழு. செபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, சுண்டல் தின்று, ஊர்க்கதை பேசிக் கலைவோம். மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னேன். தானே வந்து விளக்குவதாகச் சொன்னார். "என் பாடத்த நானே நடத்திக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. வழக்கமாக ஆள் வராத அன்பியத்துக்கு அன்றைக்கு வாசற்படி வரைக்கும் கூட்டம். நடுவில் அத்தை. அவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே பிரிவில் வேலை செய்த பெரியவர் ஒருவர். காது கேட்கும் கருவியை அன்பியத்துக்கு வந்ததும் அணைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஹாலின் இரண்டு மூலைகளிலும், சாக்கடைத் தண்ணீர் சண்டையில் மாதக்கணக்காகப் பேசாமல் இருக்கும் எதிர்வீட்டுக்காரம்மாவும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும். செபமாலை அன்றைக்குச் சற்று வேகமாகவே முடிந்தது.

நான் எழுந்தேன். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்குக் குவார்ட்டர்ஸ்தான் உதாரணம்.

"ரெண்டு ரூம் வீட்ல பெரிய கூட்டுக் குடும்பம் ஒண்ணு இருக்குன்னு வைங்க. அதுல பாதிப் பேருக்கு ஒருத்தர ஒருத்தர் கண்டாலே ஆகாது, தள்ளிக்கிட்டே இருப்பாங்க. அவங்கதான் புரோட்டான். ஆனா கையோட கை கோத்து ரொம்ப நெருக்கமா நிக்கிறதால ஒரு பிடிப்பு இருக்கு. அந்தப் பிடிப்பு பக்கத்துல இருக்கிற வரைக்கும்தான். கொஞ்சம் தள்ளிப் போயிட்டா அறுந்துடும். யுரேனியம் அந்த மாதிரி இனிமே ஒரு ஆள் தாங்காதுங்கிற குடும்பம். அங்க ஒரு விருந்தாளி வர்றான். நியூட்ரான். அவனுக்கு யாரோடவும் பகை இல்ல, அதனால வாசல்ல யாரும் தடுக்க மாட்டாங்க. உள்ள வந்து உக்காந்ததும் வீடே ஆட்டங் காணும். தண்ணிச் சொட்டு கீழ விழுறதுக்கு முன்னாடி இடுப்பு இளைச்சு நீளுமே, அப்பிடி நீளும். நீண்டா கை விட்டுப் போயிடும். கை விட்டா பகைதான் மிச்சம். ரெண்டு துண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு எகிறிப் பறக்கும்."

"எங்க ஊட்டுப் பாகப்பிரிவினை மாதிரி" என்றது வாசற்படியிலிருந்து ஒரு குரல். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாகம் பிரித்தால் பாத்திரம் குறைவதைச் சொன்னேன். இரண்டு வீட்டுப் பாத்திரங்களையும் திரும்ப ஒன்றாக வைத்துப் பார்த்தால் பழைய கணக்கு வராது, ஒரு சொம்போ கரண்டியோ காணாமல் போயிருக்கும். அணு உடைந்த துண்டுகளையும் கூடவே தெறித்த நியூட்ரான்களையும் சேர்த்து நிறுத்தாலும் பழைய எடை வராது. காணாமல் போன அந்தத் துளி எடைதான் ஆற்றல். பறக்கிற துண்டுகள் சுற்றியிருக்கும் அணுக்களில் போய் இடிக்க, எல்லாம் சூடேறும். ஒரு கரி அணு எரிவதையும் ஒரு யுரேனிய அணு பிளவுபடுவதையும் ஒப்பிட்டால் இது கோடிக்கணக்கான மடங்கு. அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து, ஆவி சக்கரத்தைச் சுழற்றி, கரண்ட்.

"தண்ணி கொதிக்கிறதுக்கா இவ்ளோ?" என்று அத்தை கேட்டார். முகத்தில் லேசாக ஏமாற்றம் தெரிந்தது. நல்ல அறிகுறி. அங்கேயே சுண்டலைக் கொண்டுவந்திருக்கவேண்டும். எனக்குத்தான் செய்முறை விளக்கம் இல்லாமல் பாடம் முடியாதே.

"உடையும்போது ரெண்டு மூணு நியூட்ரான் வெளிய வரும். அது போய் அடுத்த அணுவ உடைக்கும். இதுக்குப் பேர்தான் சங்கிலி வினை. செஞ்சே பாத்துரலாம். பூசையில ஒருத்தருக்கொருத்தர் கைகூப்பி சமாதானம் குடுப்போம்ல? அத்தை ஒருத்தருக்குக் குடுப்பாங்க. வாங்கினவங்க வேற ரெண்டு பேருக்குக் குடுக்கணும். அவங்க ஆளுக்கு ரெண்டு பேருக்கு. நடுவுல பெரியவர் இருக்காரு. அவர் வாங்கிக்குவாரு, யாருக்கும் குடுக்க மாட்டாரு. உலையில அப்பிடி நியூட்ரான வாங்கி வச்சுக்கிற தண்டு இருக்கு. அதுதான் பிரேக்கு."

ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் வழக்கத்தில் சமாதானம் கொடுத்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை. உலையில் ஒருமுறை உடைந்த அணு மறுபடி உடைவதில்லை. எங்கள் தெருவில் உடையும்.

அத்தை கைகூப்பி, "சமாதானம்" என்றார். வாங்கியவர் அத்தைக்கே அதைத் திருப்பினார். வாங்கிவிட்டதால் அத்தை சட்டப்படி இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்தார். அவர்களும் திருப்பினார்கள். மூச்சு விடுவதற்குள் ஹால் முழுக்க எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருவரையும் விட்டுவிடக் கூடாதே என்று நாற்காலிகளைத் தாண்டிப் போனார்கள். நான்கைந்து பேர் வரிசையாகப் பெரியவருக்குக் கொடுத்தார்கள். அவர் கருவி அணைந்த காதோடு புன்னகைத்தார், சொன்னபடியே ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஒற்றைத் தண்டு போதவில்லை. எதிர்வீட்டுக்காரம்மாவும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் நெரிசலில் நேருக்கு நேர் வந்து, ஒரு கணம் திகைத்து, கும்பிட்டு, கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவருக்கும் இரண்டு பேர் கொடுத்தார்கள். அவர் கேனைத் தோளில் வைத்தபடியே, "அண்ணாத்தே, இன்னா ஃபங்ஷன்?" என்று கேட்டு, அப்பாவுக்கு ஒன்று கொடுத்தார்.

"நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன். கத்துகிறவளுக்குச் சமாதானம் தேவை என்று எண்ணி ஏழெட்டுப் பேர் என்னிடம் வந்தார்கள். யாரோ பின்னால் நகர, சுண்டல் அண்டாவின் மூடி உருண்டு டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் நின்றார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். "நிக்கவே இல்லியேம்மா" என்றார். "இதத்தானம்மா நாங்களும் சொன்னோம்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். போகும்போது கதவை அறைந்து சாத்தினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்குப் பாத்திரம் தேய்க்கத் தோன்றும். சிங்க்கில் கிடந்த கரண்டிகளையெல்லாம் போட்டுத் தேய்த்தேன். இத்தனை வருடப் படிப்பும் சேர்ந்து, என் கல்யாணத்தை நானே செய்முறை விளக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்று நினைத்து, தேய்த்த கரண்டிகளையே மறுபடி தேய்த்தேன்.

கதவைத் திறந்து அத்தை வந்து, திரும்பவும் சாத்தினார்.

"அங்கியும் இப்பிடிதானாடி? நிக்காதா?"

"நிக்கும் அத்தை. அங்க தண்டு ஒண்ணு ரெண்டு இல்ல. கரண்ட் போனாக்கூட தானா உள்ள விழுற மாதிரி வச்சிருக்காங்க. விழுந்ததும் சங்கிலி அறுந்துடும். கொஞ்சம் நியூட்ரான் எப்பவும் லேட்டாதான் வரும், பூசைக்கு நம்ம ஆளுங்க வர்ற மாதிரி. அது லேட்டா வர்றதாலதான் ஏறுறது மெதுவா ஏறுது, பாத்து நிறுத்த நேரம் கிடைக்குது."

"நிறுத்துனா ஒடனே ஆறிப் பூடுமா?"

"ஆறாது. உடைஞ்ச துண்டுங்க ரொம்ப நாள் கொதிச்சுக்கிட்டு இருக்கும். தண்ணி ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"அப்போ ஆபத்து கீதா, இல்லியா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இருக்கு அத்தை. அதனாலதான் அத்தனை காவல்."

"மாப்ளைக்கி அங்க இன்னா வேல? பத்த வெக்கிறதா, நிறுத்துறதா?"

"நிறுத்துறதுதான். எப்போ நிறுத்தணும்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நிறுத்தினப்புறம் ஆறுற வரைக்கும் விட்டுட்டுப் போகக் கூடாது."

அத்தை சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். பிறகு இடது கையை என் முன்னால் நீட்டினார். அந்தக் கையில் ஒரு விரல் மடங்காது. குக்கர் மூடியில் மாட்டிக்கொண்டது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஒங்க மாமாவுக்கு நிறுத்தத் தெர்லடி" என்றார். "நல்ல மனுசன்தான். ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. ஆறவும் தெரியாது."

கரண்டியும் சோப்புமாக நின்றேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒங்கப்பனுக்கு இன்னா தெரியும்? தங்கமான மாமான்னு கல்லறைத் திருநாளுக்கு மாலை வாங்கிகினு போறான். போவட்டும்."

தெருவில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் மறுநாள் எல்லோருக்கும் தெரியவைக்கிற அத்தை, அதை மட்டும் அத்தனை வருடம் ஒருவரிடமும் சொன்னதில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். யார் பேரும் போடாமல் எழுதிக்கொள் என்றார். ஒங்கப்பன் பேப்பரில் பஸ் விபத்தைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டான் என்றும் தைரியம் சொன்னார்.

அன்றைக்கு என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கழுவி வைத்தார். "நீயும் லேசுப்பட்ட ஆளு இல்ல. பத்திக்கினா ஊடு தாங்காது. நிறுத்தத் தெரிஞ்சது ஒண்ணாச்சும் ஊட்ல இருக்கட்டும்" என்றார். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். எனக்கு வலித்தது. கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனார்.

"தடை ஒண்ணும் கெடையாது. ஓலை வாசிக்கட்டும்" என்று மைக் இல்லாமல் சொன்னார்.

அப்பா குழப்பத்தோடு எழுந்தார். "இன்னாக்கா, உள்ள அப்பிடி இன்னா சொன்னா?"

"அணுவப் பத்திச் சொன்னா. ஒனக்குப் புரியாது" என்றார் அத்தை. "சுண்டலக் குடு எல்லாருக்கும்."

அப்பா கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தார்.